முதல் 'வேண்டாம்': கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"தேத்தண்ணி போடட்டோ பிள்ளை?"

"ஐயோ வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சிட்டு வாறன்."

"அது எப்பவோ குடிச்சது. இருங்கோ."

"இல்லை அன்ரி, மெய்யா வேண்டாம்."

"அப்ப ஒரு பிளேன்டீ மட்டும்."

இந்த இடத்தில் தலையைக் கொஞ்சம் ஒரு பக்கமாகச் சரித்தால் போதும், அடுப்பு பற்றியாகிவிடும். முதல் கேள்விக்கே "ஓம், போடுங்கோ" என்றால் பிள்ளை வளர்ந்த விதம் சரியில்லை. முதல் மறுப்போடு கேட்பதை விட்டுவிட்டால் வீட்டுக்காரி கசவாரம். இரண்டு பக்கமும் விதி தெரிந்து ஆடுகிற ஆட்டம் இது.

இங்கிலாந்தில் அந்தக் கேள்வி ஒரு தடவைதான் வரும். பிளாட்டில் கூட இருக்கிறவன் கேத்திலைப் போட்டுக்கொண்டே தேநீர் வேண்டுமா என்று கேட்பான். "இல்லை, பரவாயில்லை" என்றால் தனக்கு ஒரு கப் ஊற்றிக்கொண்டு அறைக்குப் போய்விடுவான். அவனில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் சொன்னதை நம்பினான்.

போவதற்கு முன் வீட்டில் கவலைப்படுவது குளிரைப் பற்றியும் சோற்றைப் பற்றியும்தான். இரண்டுக்கும் ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிடும். ஒரு வருடப் படிப்பையே ஆட்டிவைக்கக்கூடியது இந்த ஒருதரக் கேள்வி. லெக்சரர் "ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்பார், வகுப்பு அமைதியாக இருக்கும், அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். டொக்டர் "வேறு ஏதாவது?" என்பார், இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார். வீட்டு முகவர் "அறை எல்லாம் சரியா?" என்று கேட்டு, சரி என்றதைப் பதிந்துகொள்வார். முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டு இரண்டாம் தரம் கேட்க ஆளில்லை.

ஆகவே முதல் பயிற்சி இது: வேண்டுமானால் முதல் கேள்விக்கே "யெஸ், பிளீஸ்". வேண்டாமென்றால் "நோ, தாங்க்ஸ்", அதோடு சரி. தலையைச் சரிப்பதைக் கட்டாயம் கைவிட வேண்டும். எங்களுக்குச் சம்மதமாக இருக்கிற அந்த அசைவை அங்கே இல்லை என்றோ, தெரியாது என்றோ எடுத்துக்கொள்வார்கள். விளங்காத இடத்திலும் "ஓம் ஓம்" என்று தலையாட்டும் பழக்கம் இன்னும் மோசம். சூப்பர்வைசர் விளங்கிவிட்டது என்று நம்பி மேலே போய்விடுவார், மூன்று கிழமை கழித்துத்தான் வெளிக்கும்.

மறுபுறம், அவர்கள் சொல்வதில் சிலவற்றைச் சொல்லுக்குச் சொல் எடுக்கக்கூடாது. "ஓல்ரைட்?" என்பது வெறும் வணக்கம். அதற்குத் தடிமன், தலையிடி எல்லாம் விபரிக்கத் தேவையில்லை, திருப்பி "ஓல்ரைட்?" என்றால் முடிந்தது. "ஒரு நாளைக்கு வீட்டுக்கு வாங்கோவன்" என்ற பொருளில் வருவதில் நாளும் நேரமும் இல்லையென்றால் அது அழைப்பல்ல, அன்பான ஒரு விடைபெறல். நாள் குறித்தால் மெய்யான அழைப்பு. அப்போது ஏழு மணி என்றால் ஏழு, மிஞ்சினால் ஏழு பத்து. எங்கள் கல்யாண மண்டபத்து ஆறரை மணியை மனதில் வைத்துக்கொண்டு போகக்கூடாது. கட்டுரையில் "குவைட் குட்" என்று எழுதியிருந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம், பிரித்தானிய வாயில் அது "பரவாயில்லை" என்ற அளவுதான். இங்கிலாந்தின் வடக்கே "டீ" என்றால் இராச்சாப்பாடாகவும் இருக்கலாம். ஐந்து மணிக்கு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய் மேசையைப் பார்த்து முழிக்கிறவர்கள் உண்டு.

காசு விஷயமும் இதே மாதிரித்தான். எங்களிடம் மூத்தவர் பில்லைப் பிடுங்குவார், மற்றவர் கையைப் பிடித்து இழுப்பார், ஒரு சின்னச் சண்டையே நடக்கும். அங்கே சதக்கணக்கில் பிரிப்பார்கள். பப்பில் மட்டும் முறை வேறு. நான்கு பேர் போனால் ஒவ்வொருவரும் ஒரு சுற்று எல்லாருக்கும் வாங்க வேண்டும். மற்றவர் வாங்கியதைக் குடித்துவிட்டு உங்கள் சுற்று வரும் நேரம் எழும்பினால், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள். மதுவைத் தொடாதவர் போகலாம், கொக்கா கோலாவோ லைம் சோடாவோ எடுக்கலாம், ஏன் குடிப்பதில்லை என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. சுற்றில் சேராமல் தனியாக வாங்குவதென்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்பாவின் பெயரில் நீங்கள்

எங்களில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது அப்பாவின் பெயர். அப்பா முருகேசு என்றால், பல்கலைக்கழகத்தின் ஈமெயில், வகுப்பு வரவுப் பட்டியல், டொக்டர் கிளினிக்கின் அழைப்பு எல்லாம் "மிஸ் முருகேசு" என்றுதான் வரும். காத்திருக்கும் அறையில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது, அப்பாவை யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்து முறையைத் தவறவிடுவது நடக்கிற விஷயம்.

இதற்கு இரண்டு வேலை இருக்கிறது. மாணவர் பதிவுப் பக்கத்தில் அநேகமாக "பிரிஃபேர்ட் நேம்" என்று ஒரு பெட்டி இருக்கும், அதில் உங்கள் பெயரை, கூப்பிட வசதியான நீளத்தில் போடுங்கள். வங்கி, விசா, வேலை ஒப்பந்தம், வீட்டு ஒப்பந்தம் ஆகியவற்றில் மாத்திரம் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையும் எழுத்துக்கூட்டலும் ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கட்டும். ஒரு இடத்தில் முதலெழுத்து, இன்னொரு இடத்தில் முழுப்பெயர் என்று கலந்தால் வங்கிக் கணக்குத் திறப்பதிலேயே இழுபடும். பெயர் நீளம், உச்சரிக்கக் கஷ்டம் என்று "சாம்", "கிறிஸ்" ஆகத் தேவையில்லை என்பது என் பக்கத்துக் கருத்து. இரண்டு தரம் சொல்லிக்கொடுத்தால் யாரும் பழகிவிடுவார்கள். சொல்லிக்கொடுப்பதை அங்கே தலைக்கனமாக எடுப்பதில்லை.

"சேர்" இல்லாத வகுப்பு

பேராசிரியரை முதற்பெயரால் கூப்பிடுவது எங்கள் நாக்குக்கு வராது. "சேர்", "மிஸ்" என்று கூப்பிட்டால் தண்டனை ஒன்றுமில்லை, கொஞ்சம் சின்னப் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும், அவ்வளவே. முதல் ஈமெயிலை "டியர் டொக்டர்" என்று அவருடைய குடும்பப் பெயரோடு எழுதுங்கள். பதிலின் அடியில் அவர் முதற்பெயரை மட்டும் போட்டிருந்தால் அடுத்ததிலிருந்து அதையே எழுதலாம் என்று அனுமதி.

ஈமெயிலின் உள்ளே இருப்பதுதான் முக்கியம். பள்ளிக்கூடத்தில் பழகிய கடித முறையில் நலம் விசாரித்து, பணிவு காட்டி, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டு, கடைசி வரியில் விஷயத்துக்கு வருவோம். வாசிப்பவர் மூன்றாம் வரியில் நின்றுவிடுவார். தலைப்பில் பாடத்தின் குறியீடும் விஷயமும். முதல் வரியில் நீங்கள் யார், எந்த வகுப்பு. இரண்டாம் வரியில் என்ன வேண்டும், எந்தத் திகதிக்குள். மூன்றாம் வரியில் நீங்களாக என்ன பார்த்தீர்கள், எந்த இடத்தில் நிற்கிறீர்கள். இவ்வளவு போதும். நான்கைந்து வேலை நாள் பதில் வரவில்லையென்றால் அதே ஈமெயிலுக்கு மேலே இரண்டு வரி எழுதி மறுபடி அனுப்புவது தொந்தரவு அல்ல. வெள்ளிக்கிழமை இரவு அனுப்பிவிட்டு ஞாயிறு பதிலை எதிர்பார்ப்பதுதான் பிழை.

கிழமைக்கு ஒன்றிரண்டு மணித்தியாலம் லெக்சரரின் கதவு திறந்திருக்கும் "ஒஃபிஸ் அவர்" என்று ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகள் அந்த நேரத்தில் அவர் ஏதோ அலுவலாக இருப்பார் என்று நினைத்து அந்தப் பக்கமே போவதில்லை. அது உங்களுக்காக ஒதுக்கிய நேரம். வெறுங்கையோடு போய் "விளங்கவில்லை" என்பதை விட, எழுதிய ஒரு பக்கத்தைக் கொண்டுபோய் "இந்தப் பந்தியில் என் வாதம் நிற்கிறதா?" என்று கேட்டால் பதினைந்து நிமிடத்தில் நிறையக் கிடைக்கும்.

புள்ளியைப் பற்றி வீட்டுக்கும் முதலே விளங்கப்படுத்திவிடுங்கள். ஏ.எல்.லில் 75 எடுத்தால்தான் ஏ. அங்கே இளமாணிப் படிப்பில் 70 எடுத்தாலே முதல் வகுப்பு, 60 முதல் 69 வரை மேல் இரண்டாம் வகுப்பு, 40 சித்தி. முதுமாணியில் பொதுவாக 50 சித்தி, 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். 80க்கு மேல் போவது கட்டுரைப் பாடங்களில் அரிது. 64 எடுத்த பிள்ளையிடம் அம்மா "ஏன் பிள்ளை, படிக்கேல்லையோ?" என்று கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைச் சொல்லி வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

அந்த 64 ஏன் 54 ஆகிறது என்பதற்கு ஒரே காரணம் திரும்பத் திரும்ப வரும். டியூஷனில் கொடுத்த டியூட்டை, பாஸ்ட் பேப்பர் விடையை வரி பிசகாமல் ஒப்புவித்து ஏ எடுத்த கை, அங்கேயும் அதையே செய்கிறது. புத்தகத்தில் இருப்பதைத் தெளிவாக விபரித்தால் 50 சொச்சம்தான். இந்த ஆய்வாளர் இப்படிச் சொல்கிறார், மற்றவர் அதை மறுக்கிறார், இந்தத் தரவை வைத்துப் பார்த்தால் முதலாமவரின் வாதம் இந்த இடத்தில் உடைகிறது என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெரியவர் எழுதியதில் பிழை சொல்ல நான் யார் என்று ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சத்தின் விலை பத்துப் புள்ளி.

எழுத்துக் களவும் இதே கூச்சத்தில்தான் தொடங்குகிறது, பெரும்பாலும் தெரியாமலே. ஒரு வசனத்தில் நான்கு சொல்லை மாற்றி, அடைப்புக்குள் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் போடாமல் விட்டால் அது களவு. பெயரைப் போட்டும், மேற்கோள் குறி இல்லாமல் அவருடைய வரிகளையே வைத்தால் அதுவும்தான். கட்டுரையை மற்ற எழுத்துகளோடு ஒப்பிடும் டர்னிட்டின் என்ற மென்பொருள் காட்டும் சதவீதத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அல்லது குறைவு என்று துணிந்துவிடுகிறார்கள். அந்த எண் ஒரே மாதிரியான வரிகளைக் காட்டுகிறதே தவிரத் தீர்ப்பு அல்ல. உசாத்துணைப் பட்டியலாலும் மேற்கோள்களாலும் 20 வீதம் வந்து ஒன்றுமில்லாமல் போகலாம். 6 வீதத்தில் ஒரு முழுப் பந்தி யாரோ எழுதியதாக இருந்து விசாரணைக்குப் போகலாம்.

எங்கள் பழக்கத்தோடு நேராக மோதுகிற ஒன்று இருக்கிறது. சிநேகிதி அழுதுகொண்டு, "உன்ரை அசைன்மென்ட்டை ஒருக்காக் காட்டன், பாத்திட்டுத் தாறன்" என்றால் கொடுக்காமல் விடுவது எங்களிடம் மனிசத்தனம் இல்லை. அங்கே அதற்குப் பெயர் "கொலூஷன்". அவள் அதிலிருந்து இரண்டு பந்தி எடுத்தால், எடுத்தவளும் கொடுத்தவளும் ஒரே மேசைக்கு முன்னால் இருக்க வேண்டிவரும். உதவ வேண்டுமென்றால் பக்கத்தில் இருந்து வாயால் விளங்கப்படுத்துங்கள், வாசித்த புத்தகத்தைச் சொல்லுங்கள். ஃபைலை மட்டும் அனுப்ப வேண்டாம். போன வருடத்துக்காரர் தரும் ஃபைலையும் வாங்க வேண்டாம்.

குசினியும் குளியலறையும்

மாணவர் விடுதிகளில் நடுச்சாமத்தில் எல்லாரும் போர்வையோடு தெருவில் நிற்பதற்கு எங்கள் தாளிதமும் ஒரு காரணம். பொதுவாக அறைகளிலும் நடைபாதையிலும் இருப்பது புகையை உணரும் அலாரம், குசினிக்குள் இருப்பது வெப்பத்தை உணர்வது. ஆகவே குசினிக்குள் செத்தல் மிளகாய் கருகினாலும் அங்கே ஒன்றும் கேட்காது. கதவு திறந்திருந்தால் புகை நடைபாதைக்குப் போய், அங்கேயிருந்து முழுக் கட்டடத்தையும் எழுப்பும். காற்று வரட்டும் என்று அந்தக் கதவுக்குக் கீழே செருப்பை மடித்து வைப்பதுதான் வழக்கமான தவறு. அது தீயைத் தடுக்கும் பாரமான கதவு, மூடியபடி இருக்க வேண்டும். மூடிவிட்டு யன்னலைத் திறந்து, அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறியை எண்ணெய் வைக்கும் முன்பே போட வேண்டும். அலாரத்தைப் பொலித்தீனால் மூடினால் தண்டம், சில இடங்களில் அறையே பறிபோகும்.

தாளிக்கும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். மின் அடுப்பில் சூடு மெதுவாக ஏறும், நிற்பாட்டினாலும் மெதுவாகத்தான் இறங்கும். கேஸ் அடுப்பில் திருகைத் திருப்பியதும் நெருப்பு அடங்கிப் பழகிய கை, அங்கே வெங்காயத்தைக் கரியாக்கும். நடுச்சூட்டில் எண்ணெய், கடுகு, அது வெடித்து முடியும்போது வெங்காயம், வெங்காயம் விட்ட ஈரத்துக்குப் பிறகு செத்தல், உடனே சட்டியை அடுப்பை விட்டு அரக்கிவிட வேண்டும். அடுப்பு இண்டக்ஷன் என்றால் கொண்டுபோன அலுமினியச் சட்டி சூடாகவே மாட்டாது, மண்சட்டியும் அப்படித்தான். சட்டியின் அடியில் காந்தம் ஒட்டினால் அது வேலை செய்யும். இதைக் கொழும்பிலேயே பரிசோதித்துவிடலாம்.

கறித்தூளை அங்கே வறுக்கும் யோசனை வேண்டாம். இங்கேயே வறுத்து அரைப்பித்து, இரண்டு பொலித்தீனில் கட்டி ஒரு கிலோ கொண்டுபோனால் ஒருவருக்கு மூன்று நான்கு மாதம் போகும். இறைச்சியும் நெய், பால்கட்டி போன்ற பால் பொருட்களும் கொண்டுபோகத் தடை. லண்டன் பக்கம் என்றால் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், வெம்ப்ளி, ஹரோ கடைகளில் ரம்பை முதல் ஒடியல் மா வரை கிடைக்கும். உறையவைத்த தேங்காய்ப்பூ எங்களுடைய துருவியதை விடக் கொஞ்சம் ஈரம் கூட, புட்டுக்கு அதற்கேற்ப மாவைத் தண்ணீர் குறைத்துக் குழைக்க வேண்டும். எங்கள் 13 ஆம்பியர் சதுரக்கால் பிளக்தான் அங்கேயும், ஆகவே ரைஸ் குக்கருக்கு அடாப்டர் தேவையில்லை. ஆனால் அறைக்குள் அதைப் போட விடுதிகளில் விடமாட்டார்கள், குசினியில்தான். சாமி படத்துக்கு முன் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் மூன்றும் விடுதி அறைகளில் தடை. பற்றரி விளக்கு ஒன்று வாங்கிக் கொள்ளலாம். மற்றதுக்கு ஹைகேற் ஹில் முருகன், ஈலிங் அம்மன், விம்பிள்டன் பிள்ளையார் என்று கோயில்கள் இருக்கின்றன.

குளியலறையில் முதலில் தெரிந்திருக்க வேண்டியது: நிலத்தில் தண்ணீர் போக அநேகமாக ஓட்டை இருக்காது. எங்கள் வீட்டில் வாளியால் ஊற்றினால் எங்கே விழுந்தாலும் போய்விடும். அங்கே நிலத்தில் விழுந்த தண்ணீர் கீழ்மாடிக்காரரின் கூரையில் மஞ்சள் கறையாக வரும், செலவு உங்கள் டிபொசிட்டிலிருந்து போகும். ஷவர் திரையின் கீழ்ப்பக்கம் தொட்டிக்கு உள்ளே கிடக்க வேண்டும். டொய்லெட்டில் கைக்குழாய் இருக்காது. மூக்கு வைத்த சின்ன ஜக் ஒன்று வாங்கி, நிரப்பிக்கொண்டு போய், இருந்தபடியே பாவித்து, நிலத்தைத் துடைத்துவிட்டு வெளியே வருவதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை, ஜக்கை அறைக்குள் வைத்துக்கொண்டால் யாரும் அதில் பூவுக்குத் தண்ணீர் விடமாட்டார்கள்.

அறைக்குள் ஈர உடுப்பைக் காயப்போட்டு யன்னலை மூடி ஹீட்டரைப் போட்டால் இரண்டு மாதத்தில் சுவர் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். நாளுக்குப் பத்து நிமிடமாவது யன்னல் திறந்திருக்கட்டும். அறைக்குப் போன முதல் நாளே சுவர், மெத்தை, கம்பளம் எல்லாவற்றையும் திகதி தெரியப் படம் எடுத்து முகவருக்கு ஈமெயிலில் அனுப்புங்கள். இங்கிலாந்தில் தனியார் வீடு என்றால் டிபொசிட்டை அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் 30 நாளுக்குள் போட வேண்டும் என்பது சட்டம், எந்தத் திட்டம் என்று கேட்டு வாங்குங்கள்.

சனல் பண்ண முடியாது

கொழும்பில் காது வலித்தால் காது டொக்டரைச் சனல் பண்ணுவோம், அதாவது நிபுணரிடம் நேரே நேரம் பதிவோம், பின்னேரமே பார்த்துவிடலாம். அங்கே விசாவோடு வருடத்துக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் கட்டியிருப்பீர்கள், ஆனால் நிபுணரிடம் நேரே போக முடியாது. முதலில் ஜீ.பீ. என்ற பொது வைத்தியர், அவர் தேவை என்று எழுதினால்தான் நிபுணர். வருத்தம் வந்த பிறகு ஜீ.பீ.யில் பதியப் போகாமல் முதல் கிழமையே பதிந்துவிடுங்கள். சந்திப்பு அநேகமாகப் பத்து நிமிடம்தான். அறிகுறி, எத்தனை நாள், என்ன குளிசை போட்டீர்கள் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் "வேறு ஏதாவது?" என்ற அந்த ஒருதரக் கேள்விக்குப் பதில் கையில் இருக்கும். அவசரமென்றால் 999, அவசரமில்லாத ஆனால் பொறுக்கவும் முடியாததென்றால் 111.

அன்டிபயோட்டிக் ஃபார்மசியில் கேட்டு வாங்க முடியாது, சாதாரணத் தடிமனுக்கு டொக்டரும் தரமாட்டார். "மருந்தே தரேல்லை, பரசிட்டமோல் போட்டுத் தண்ணி குடிக்கச் சொல்லி அனுப்பிட்டார்" என்பது எல்லார் வாயிலும் வரும் முறைப்பாடு. பனடோலுக்கு அங்கே பொதுப்பெயர் பரசிட்டமோல்தான், சூப்பர்மார்க்கெட்டில் 16 குளிசை உள்ள பெட்டி இரண்டுக்கு மேல் ஒரே தடவையில் தரமாட்டார்கள்.

நாலு மணி இருட்டு

கொழும்பில் வருடம் முழுக்க ஆறுக்கும் ஆறுக்கும் இடையில் பகல். லண்டனில் டிசம்பர் கடைசியில் எட்டு மணிக்குத்தான் விடியும், நான்கு அடிக்குமுன் இருட்டிவிடும். ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னால் வைப்பார்கள், முதல் கட்டுரைகள் கொடுக்க வேண்டிய காலமும் அதுவாகவே இருக்கும். பிள்ளைகள் உடைவது முதல் கிழமையில் அல்ல, இந்த நவம்பரில்தான். மத்தியானம் அரை மணித்தியாலமாவது வெளியே நடந்துவிடுங்கள். இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுக்கச் சொல்லி அந்நாட்டுச் சுகாதார சேவையே சொல்கிறது, கறுத்தத் தோலுக்கு அது இன்னும் முக்கியம்.

நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஐந்தரை. அம்மா இரவு எட்டு மணிக்கு ஆறுதலாக இருந்து கூப்பிட்டால் உங்களுக்குக் குளிர்காலத்தில் பின்னேரம் இரண்டரை, வகுப்பு நேரம். இதைப் பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளாவிட்டால் நாளுக்கு நாலு மிஸ்ட் கோலும் ஒரு மனவருத்தமும் நிச்சயம்.

மாமாவின் கடை

பட்டப்படிப்புக்கான மாணவ விசாவில் தவணைக்காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். கிழமை என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை, இந்தக் கிழமை 12 செய்து அடுத்ததில் 28 செய்ய முடியாது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் அப் வேலைகள் சுயதொழிலாகக் கணக்கெடுக்கப்படுவதால் மாணவ விசாவில் கூடவே கூடாது. முதுமாணிக்காரருக்குக் கோடை விடுமுறை போலத் தெரிந்தாலும், டிசர்டேஷன் என்ற ஆய்வேட்டை எழுதும் காலம் தவணைக்காலம்தான்.

சிக்கல் வருவது சொந்தக்காரரிடம். மாமா கடையில் "சும்மா வந்து நில் தம்பி, கைச்செலவுக்குத் தாறன்" என்பார். அந்த மணித்தியாலங்களும் இருபதுக்குள் வரும், சம்பளம் இல்லாமல் நின்றாலும் வரும். பிடிபட்டால் மாமாவுக்குத் தண்டப்பணம், உங்களுக்கு விசா. முகத்துக்கு நேரே மறுப்பது கஷ்டமென்றால் பழியைச் சட்டத்தில் போடுங்கள்: "மாமா, கம்பஸிலை மணித்தியாலம் பாக்கினம், பிறகு உங்களுக்குத்தான் பிரச்சினை வரும்."

தமிழரோடு தமிழ் கதைப்பது

இது ஒரு சின்ன விஷயம், ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அங்கே தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். "நேற்று அம்மா பேசினவ" என்று நீங்கள் முகம் வாடிச் சொன்னால், "நல்லதுதானே, என்ன சொன்னாங்க?" என்று கேட்பார்கள். எங்களுக்குப் பேச்சு என்றால் ஏச்சு, அவர்களுக்கு உரையாடல். "ஆறுதலா வாங்கோ" என்றால் யாருக்கு என்ன துக்கம் என்று யோசிப்பார்கள். "கோப்பையைக் கழுவித் தாங்கோ" என்றால் தேநீர்க் கப்பைத் தருவார்கள். ஒரு கிழமை சிரிப்பில் போகும், பிறகு இரண்டு பக்கமும் கலந்துவிடும். நூலகத்தில் பின்னால் யாரோ சிங்களத்தில் "கோமத மச்சான்" (எப்படி மச்சான்) என்று கேட்டால், 101 பஸ்ஸில் அரைகுறைச் சிங்களத்தில் காசு கேட்டு வாங்கிய ஆளுக்குக்கூட மனம் குளிரும்.

கடைசியாக, யாரும் கதைக்க விரும்பாத ஒன்று

ஊரில் ஒரு சாவு நடந்தால் என்ன செய்வது? கட்டுரைக்கோ பரீட்சைக்கோ கால நீடிப்புக் கேட்க ஒரு படிவம் இருக்கிறது. பெயர் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். கொடுக்க வேண்டிய திகதிக்கு முன்பே நிரப்புவதுதான் விதி. பிந்தினால், ஏன் முன்பே கேட்க முடியவில்லை என்பதையும் சேர்த்து நிறுவ வேண்டும். அதில் உறவு என்ற பெட்டி வரும். பெரியப்பா என்பதை "அங்கிள்" என்று எழுதினால் தூரத்துச் சொந்தமாகத்தான் வாசிக்கப்படும். எங்கள் வீட்டில் பெரியப்பா எப்படி என்பது அந்தப் படிவத்துக்குத் தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தேன், பள்ளிக்கூடக் காசு அவர்தான் கட்டினார் என்று இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். அம்மம்மா என்றாலும் அப்படியே. ஆதாரமாக மரணச் சான்றிதழ் கேட்பார்கள். அது தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்தில் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். பத்திரிகை மரண அறிவித்தல் உடனடிக்கு உதவும், முழு ஆதாரமாகாது. தவணைக்காலத்துக்குள் ஊருக்குப் போவதென்றால் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றே போக வேண்டும். விசாவுக்குப் பொறுப்பு அவர்கள்தான், வரவை அவர்கள் பார்க்கிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிவரை நிற்க வேண்டுமென்றால் அதையும் முதலே எழுதிக் கேளுங்கள், திரும்பி வந்து சொல்ல வேண்டாம்.

இதில் வீட்டுக்காரரின் பங்கு ஒன்று இருக்கிறது. "பிள்ளைக்குச் சோதனை முடியட்டும், பிறகு சொல்லுவம்" என்று மறைப்பது எங்கள் குடும்பங்களில் வழமை. அன்பினால் செய்கிற காரியம்தான். ஆனால் அது பிள்ளைக்குப் படிவம் நிரப்பும் நாளையும் இல்லாமல் செய்கிறது, கடைசியாக முகம் பார்க்கும் நேரத்தையும் இல்லாமல் செய்கிறது. கட்டுநாயக்காவுக்குப் புறப்பட முன் ஒரு நாள் இருந்து கதைத்து, என்ன நடந்தாலும் அன்றைக்கே சொல்வது என்று ஒரு உடன்பாட்டுக்கு வாருங்கள். யார் சொல்வது என்பதையும் முடிவு செய்யுங்கள், அழாமல் சொல்லக்கூடிய ஒரு சித்தியாகவோ அண்ணாவாகவோ இருக்கட்டும். பொரளை கனத்தை மயானத்தில் பின்னேரம் மூன்று மணிக்குக் கிரியை என்றால் குளிர்காலத்தில் அங்கே காலை ஒன்பதரை. ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆளை முதலே சொல்லி வையுங்கள்.